ரதி மட்டும் பார்த்த தலை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

நமது அலமாரியின் மேல் தட்டில் இருப்பது என்ன என்று உங்களில் மூவர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். மூன்று முறையும் நான் சன்னலுக்கு வெளியே பார்த்து, "மழை வரும்போலிருக்கிறது" என்றேன். மூன்று முறையும் மழை வந்தது. அட்டன் பக்கத்தில் இந்த விடையைச் சொல்பவன் தோற்பதில்லை. ஆயினும் கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறாமல் பட்டறைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெறுவது முறையன்று என்று என் மனம் உறுத்தியபடியால் இதை எழுதலானேன்.

மண் பிசைவது, சூளை அடுக்குவது முதலிய விவரங்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவற்றை உங்கள் விரல்கள் சுட்டுக்கொண்டே கற்றுக்கொள்ளும். நாம் செய்த பொருள் நாம் சொன்னபடி நடக்காமல், ஊரார் முன்னிலையில் தன் விருப்பப்படி நடந்துகொண்டால், அப்போது செய்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? அதைப் பற்றி எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலை ஆலையில் அடுப்புக்காரனாகச் சேர்ந்தேன். கொழுந்தை உலர்த்தும் எந்திரத்துக்குச் சூடு தரும் பெரிய அடுப்பு அது. அதற்கு விறகு தள்ளுவதே என் வேலை. ஆலைக்குப் பாதை வெட்டிய இடத்தில் மலை பிளந்து மஞ்சள் களிமண் தெரிந்தது. அதைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஒரு நாள் காலையில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து, மாலையில் அவரை அடுப்புக்குள் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து உள்ளே துப்பாக்கி சுட்டதுபோல் ஓர் ஓசை எழுந்தது. ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஓடிவந்தார்.

"என்னாடா உள்ள?"

"புள்ளையாருங்க."

"எங்கடா இருக்காரு?"

"எல்லாப் பக்கமும் இருக்காருங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எனக்குக் குரங்கும் மிஞ்சவில்லை. ஆனால் ஓர் உண்மை கிடைத்தது: ஈரம் காயாத மண்ணைத் தீயில் வைத்தால் வெடிக்கும். இந்த ஒன்றை அறிந்துகொண்டு ஐந்தாறு ஆண்டுகள் தலை நிமிர்ந்து திரிந்தேன். ஒன்றும் தெரியாதவனால் ஊருக்குப் பெரிய கேடு வராது. ஒன்றே ஒன்று தெரிந்தவனால்தான் வரும். நான் சொல்லப்போகும் கதை அதற்குச் சான்று.

என் தாய்மாமனார் கருப்பையா எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் ஆட்களுக்குத் தலைவர். அவர் மகள் லெட்சுமி, முறைப்படி எனக்கு உரிய பெண். முறையை மாமா ஒப்புக்கொண்டார். என்னைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேலை விட்டு வந்தா மனுசன் கையக் கழுவுவான். இவன் வேலை விட்டு வந்துதான் கைய சேத்துல வெக்கிறான். இவனுக்கா எம்பொண்ணு?" என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவார்.

மாமா சாதாரண மனிதர் அல்லர். ஆண்டுக்கு ஒரு முறை அவர் சிவபெருமான். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஒன்பது ஆண்டுகளாக அவரே சிவன் வேடம் கட்டிவந்தார். மூன்றாம் பிறையன்று கம்பம் நட்டு, இரு வாரங்கள் ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி, கடைசி நாள் விடியும் வேளையில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். மன்மதன் வேடக்காரர் போர்வைக்குள் படுத்துவிடுவார். அவருக்குப் பதிலாக, கம்பத்தில் கட்டிய வைக்கோல் உருவம் எரியும். அது சாம்பலாக வேண்டும். அந்தச் சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டு ரதி புலம்ப வேண்டும். சாம்பல் இல்லையேல் புலம்பல் இல்லை. புலம்பல் இல்லையேல் கூத்து முடியாது. கூத்து முடியாமல் களத்தை விட்டு எவரும் நகரக்கூடாது. நகர்ந்தால் தோட்டத்துக்கு ஆகாது.

எங்கள் தோட்டத்துக் காமனுக்கு ஆண்டுதோறும் ஒரு பூசணிக்காயில் கரியால் கண் வரைந்து தலையாக வைத்து வந்தார்கள். முந்தைய ஆண்டு பக்கத்துத் தோட்டத்தார் வந்து பார்த்துவிட்டு, "ஒங்க சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து கறி ஆக்குறாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சொல் மாமாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த முள்ளோடு அவர் ஒரு மாலை ஆலை வாசலுக்கு என்னைத் தேடி வந்தார்.

"டேய் மாரிமுத்து, பாக்குறவன் வாயப் பொளக்குற மாதிரி ஒரு மூஞ்சி செஞ்சி குடு."

"மண்ணுலதான் மாமா செய்வேன்."

"எதுலயாச்சும் செய். ஆனா நான் கண்ணத் தொறந்தா அது இல்லாமப் போகணும். போச்சின்னா, சித்திரையில பாக்கு வெத்தல மாத்திக்கலாம்."

"போகலைன்னா?"

"போகலைன்னா, எங்க லயத்துப் பக்கம் தலை வெச்சிக்கூடப் படுக்காத."

இதில் நான் வைத்த பணயம் என்ன என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். என் கணக்கும் எளிமையானது. மண் எரியாது. ஆனால் ஈரமாக இருந்தால் வெடிக்கும். வெடித்தால் தூளாகிச் சாம்பலோடு கலந்துவிடும். இதை மாமாவுக்கு விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது.

"வெடிக்குமாடா? வெடிச்சா இன்னும் சிறப்பு. பூசணிக்காயி ஒருநாளும் வெடிச்சதில்ல."

அந்தத் தலையைச் செய்ய எட்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஆலையில் கழிவாகத் தள்ளும் தேயிலைத் தூளையும் நாரையும் மண்ணோடு பிசைந்தேன். உள்ளே பொள்ளலாக, கட்டைவிரல் கனத்தில், கழுத்தில் கம்பம் நுழையத் துளை விட்டுச் செய்தேன். உதட்டில் ஒரு சிறு சிரிப்பை வைத்தேன். எரியப் போகிறவன் ஏன் சிரிக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது நான் லெட்சுமியை நினைத்துக்கொண்டிருந்தேன். அது கை வழியாக இறங்கிவிட்டது.

கம்பத்தில் ஏற்றும் நாள் வரைக்கும் காமன் முகம் சிவன் வேடக்காரர் வீட்டில் இருக்க வேண்டும், செய்தவன் அதைத் திரும்பப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தலையை ஈரச் சாக்கில் சுற்றி லெட்சுமியிடம் கொடுத்து, "சாக்கு காயக்கூடாது, தெனமும் தண்ணி தெளி" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பத்து நாள் கழித்து, கடைசி நாளுக்கு முந்தைய மாலையில், அவளே அதைச் சிவப்புத் துணியில் கட்டி என் கையில் கொடுத்தாள். வாங்கினேன். மிகவும் இலேசாக இருந்தது.

தம்பிமார்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஈர மண் கனக்கும். காய்ந்த மண் இலேசாகும். இது நம் தொழிலில் முதல் பாடம். என் இரு கைகளும் அன்று அந்தச் செய்தியை எனக்குத் தெளிவாகச் சொல்லின. நான் கேட்கவில்லை. நான் லெட்சுமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை வாங்கும்போது மண்ணைப் பாருங்கள். கொடுப்பவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடியும் வேளை வந்தது. எங்கள் தோட்டத்தாரும் பக்கத்துத் தோட்டத்தாருமாகக் களம் நிறைந்திருந்தது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பாட்டில் வாதிடுவது கூத்தின் ஒரு பகுதி. எரியாத கட்சிக்குப் பாடுவதற்கென்றே ராகலையிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் வருவார். எல்லாரும் அவரை ராகலையார் என்று அழைத்தார்கள். எவ்வளவு அருமையாகப் பாடினாலும், விடியும்போது கண்ணெதிரே காமன் எரிந்துவிடுவதால் அவர் தோற்றே ஆக வேண்டும். தோற்று, ஒரு குவளைத் தேநீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார். அன்றும் அவர் பாடி முடித்துத் தன் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாமா எழுந்தார். உடம்பெல்லாம் நீறு, தகரத்தில் செய்த சூலம், நெற்றியில் சிவப்புக் கண். "அடேய் மன்மதா!" என்று அவர் முழங்கிய முழக்கத்தில் முன் வரிசைக் குழந்தைகள் தாய்மாரின் முந்தானைக்குள் புகுந்தன. தீப்பந்தம் வைக்கோலைத் தொட்டது. குப்பென்று பற்றியது. நான் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, வெடிக்கும் ஓசைக்குக் காத்திருந்தேன்.

வைக்கோல் எரிந்தது. கம்பம் எரிந்தது. தலை நெருப்பின் நடுவே இறங்கி அமர்ந்தது. வெடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற லெட்சுமி என் முழங்கையை இழுத்து, ஒரு காதைத் திறந்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"என்னா காதப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"வெடிக்கப் போவுது."

"அதெல்லாம் வெடிக்காது. ஈரச் சாக்குல கெடந்தா பூஞ்சணம் புடிச்சிரும்னு, அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிட்டேன். பத்து நாளும் நல்ல பொகை. எலும்பாட்டம் காஞ்சிருச்சி." அவள் கண்களில் பெருமை மின்னியது. "ஒங்க வேலை வீணாப் போக விடுவேனா?"

இதைக்காட்டிலும் அன்பான சொல்லை என் வாழ்நாளில் கேட்டதில்லை. இதைக்காட்டிலும் என்னைக் கவிழ்த்த சொல்லையும் கேட்டதில்லை.

தீ அடங்கியது. சாம்பல் நடுவே தலை சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சளாக உள்ளே போனவன் செம்பவளமாக வெளியே வந்திருந்தான். மண்ணில் கலந்திருந்த தேயிலைத் தூள் கருகியதால் களம் முழுவதும் ஆலை வாசனை வீசியது.

ரதி வேடம் கட்டிய முத்துவேலு, கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர். வேடத்துக்காகவே மீசையை எடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர். அவர் மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி, ஓங்கிய கையோடு நின்றுவிட்டார்.

"அண்ணே," என்று சிவனிடம் மெதுவாகக் கேட்டார், "எரிஞ்சிட்டானா இல்லியா? நான் அழுவுறதா வேணாமா?"

"கொஞ்சம் பொறு," என்றார் சிவபெருமான், பல்லைக் கடித்தபடி. "எலே, வெறகு கொண்டாங்கடா!"

விறகு வந்தது. மாமா மறுபடியும் நெற்றிக்கண்ணைத் திறந்தார். பிறகு மூன்றாம் முறையும் திறந்தார். அடுக்க அடுக்கத் தலை இன்னும் செம்மையாக வெந்தது. பின்னாளில் நான் கட்டிய எந்தச் சூளையிலும் அவ்வளவு சீரான சூடு கிடைத்ததில்லை என்பதைத் தொழில் நேர்மை கருதி இங்கே குறிப்பிடுகிறேன்.

"எரியல! எரியல!" என்று ஒரு குரல் கிளம்பியது. ராகலையார் தன் பையை வீசி எறிந்துவிட்டு, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார். "இருவது வருசமாப் பாடுறேன்! எவனாச்சும் நம்புனீங்களா? இப்பப் பாருங்க! சிரிக்கிறான் பாருங்க!"

பக்கத்துத் தோட்டத்தாரில் ஒருவர் தம் பங்குக்குச் சொன்னார்: "போன வருசம் பூசணிக்காயாச்சும் வெந்திச்சி."

போர்வைக்குள்ளிருந்து மன்மதன் வேடக்காரரின் குரல் வந்தது. "ஏங்க, நான் எந்திரிக்கலாங்களா? அவசரமா ஒதுங்கணும்."

"செத்தவன் பேசாதடா!" என்று அதட்டிய மாமா, ஆத்திரத்தில் சூலத்தால் தலையை ஓங்கிக் குத்தினார். சூலம் வளைந்தது. தலை உருண்டது. எங்கள் தோட்டம் எவ்வளவு செங்குத்தானது என்பதை நீங்கள் பார்த்ததில்லை. அது களத்தின் விளிம்பைத் தாண்டி, லயத்துப் படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து, கோழிகளைச் சிதறடித்து, தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, கீழே வடிகாலான கானில் ஓடிய தண்ணீரில் விழுந்தது. "ஸ்ஸ்ஸ்" என்ற ஓசை மேலே வரை கேட்டது. அப்போதும் அது உடையவில்லை.

சரியாக அந்த நேரத்தில் பெரட்டுக்கு அழைக்கும் தப்புப் பறை ஒலித்தது. ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் நேரம். அதுவரைதான் தோட்டத்தை நடத்தும் துரை எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார். புலம்பல் முடியாமல் போக வழியில்லை. போகாவிட்டால் அத்தனை பேருக்கும் அன்றைய பேர் கிடையாது; பேர் இல்லையேல் கூலி இல்லை. மாமா மெதுவாகத் திரும்பினார். அவருடைய மூன்று கண்களும் என்னைத் தேடின.

"எங்கடா அந்த அடுப்புக்காரப் பய?"

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? பரண் என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பித்தேன். லெட்சுமி மாட்டினாள். வாயைத் திறந்து, "நான்தான் மாமா, பதம் தெரியாமச் செஞ்சிட்டேன்" என்று சொல்லப்போனேன். அதற்குள் லெட்சுமி என்னை விலக்கிக்கொண்டு முன்னே வந்துவிட்டாள்.

"யப்பா, ஒரு சந்தேகம். எரிஞ்சதுக்கப்பறம் ரதி வந்து கெஞ்சுனா சிவன் என்னா வரம் குடுப்பாரு?"

"இப்ப என்னா கேள்வி புள்ள இது? ரதி கண்ணுக்கு மட்டும் தெரியுவான், மத்தவங்க கண்ணுக்குத் தெரியமாட்டான்னு குடுப்பாரு."

"அப்ப ஒடம்பு எரிஞ்சிருச்சி. மிச்சம் இருக்குறது ரதி கண்ணுக்குத் தெரியுறது. நமக்கு ஏன் தெரியுது?"

மாமாவின் முகத்தில் முதலில் கோபம் நின்றது. பிறகு ஐயம் வந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், உண்மையிலேயே தெய்வக்களை வந்தது. வளைந்த சூலத்தை உயர்த்தினார்.

"ரதியே! உன் நாயகன் உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்!" என்றார். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக் கீழ்க்குரலில் கேட்டார்: "வேற எவன் கண்ணுக்காச்சும் ஏதாச்சும் தெரியுதாடா?"

"இல்லீங்க!" என்றது களம், ஒரே குரலில்.

"எனக்குத் தெரியுதே!" என்றார் ராகலையார்.

"அப்ப நீங்கதான் ரதியா? சேலை இருக்கு, கட்டிக்கிறீங்களா?" என்று மாமி கேட்டார். ராகலையார் துண்டை எடுத்து மறுபடியும் மடிக்கலானார்.

முத்துவேலு சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டு, தேக்கி வைத்திருந்த அழுகை அத்தனையையும் மலை அதிர அவிழ்த்துவிட்டார். மன்மதன் வேடக்காரர் போர்வையோடு எழுந்து தேயிலைக்குள் ஓடினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது படியேறி வந்தார் கண்டாக்கையா. துரைக்கு அடுத்தபடி மலை வேலை முழுவதையும் நடத்துபவர். பெரட்டுக்களத்தில் ஒருவரும் இல்லாததால் கோபத்தோடு புறப்பட்டவர், வழியில் கானிலிருந்து எடுத்த தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்னா?" என்று அதைத் தூக்கிக் காட்டினார்.

"எதுங்கய்யா?" என்றார் மாமா.

"கையில வெச்சிருக்கனே, இது!"

மாமா கண்டாக்கையாவின் கையைப் பணிவுடன் உற்றுப் பார்த்தார். "மோதிரமுங்களா ஐயா? நல்லா இருக்குங்க."

கண்டாக்கையா அடுத்தவரிடம் காட்டினார். அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு கிழவரிடம் காட்டினார். தமக்குக் கண்புரை என்றார் அவர். கண்டாக்கையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தாமே ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். அன்று எங்கள் மக்கள் நடித்த நடிப்பை எந்த நாடக மேடையிலும் காண முடியாது. அதில் வியப்பும் இல்லை. இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்களும் எங்களைத் தம் குடிமக்கள் அல்லர் என்று பார்த்தும் பாராதிருந்த காலம் அது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்லும் கலையை நாங்கள் நன்றாகப் பார்த்துப் பழகியிருந்தோம்.

"ஐயோ எம் ராசா!" என்று முத்துவேலு பாய்ந்தார். அவருக்கு மட்டும் அனுமதி உண்டல்லவா? தலையையும் அதை வைத்திருந்த கண்டாக்கையாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இரு முகங்களிலும் மாறி மாறி முத்தமிட்டார். கண்டாக்கையாவின் வெள்ளைச் சட்டை சாம்பலாயிற்று. அவரைப் பிரித்தெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

விடுபட்ட கண்டாக்கையா கோபத்தை மறந்து தலையை விரல் முட்டியால் தட்டினார். மணிபோல் ஒலித்தது. மீண்டும் தட்டினார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"மாரிமுத்து, மண்ணுல வெளையாடுறவன் நீதானே? தொரை பங்களாவுக்குக் கொழும்புலருந்து வர்ற பூச்சட்டி பூராவும் லாரியிலயே ஒடஞ்சி வருது. இது மலை மேலருந்து உருண்டு வந்திருக்கு, ஒரு கீறல் இல்ல. நீ செஞ்சதுன்னு சொல்லு. நாளைக்கே தொரைகிட்ட பேசி, ஒனக்கு ஒரு எடமும் சூளைக்கு வெறகும் வாங்கித் தர்றேன்."

தம்பிமார்களே, தங்கைமார்களே, ஆறு ஆண்டுகளாக நான் கனவு கண்ட சொற்கள் இவை. நான் செய்தவற்றுள் தலைசிறந்தது என் கண்ணெதிரே இருந்தது. அதைப் புகழ்ந்த முதல் மனிதர் அதைக் கையில் வைத்திருந்தார். ஒரே ஒரு "ஆமாங்க" போதும். அந்த ஒரு சொல்லில், தலை அங்கே இருப்பதாக ஆகிவிடும். இருந்தால் காமன் எரியவில்லை. எரியாவிட்டால் மாமா இரண்டு தோட்டத்தார் முன்னிலையில் தோற்ற சிவன். பாக்கு வெற்றிலையும் இல்லை. நான் லெட்சுமியைப் பார்த்தேன். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்தேன். அவர் சூலத்தை நிமிர்த்துவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தார்.

"எதுங்கய்யா?" என்றேன்.

என் தொண்டையில் அந்தச் சொல் வெளியேறிய இடம் இன்னும் சில மழைநாட்களில் வலிப்பதுண்டு. கண்டாக்கையா என்னையும் லெட்சுமியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை முத்துவேலுவின் மடியில் வைத்துவிட்டு, "அரை மணி தாரேன், எல்லாரும் பெரட்டுக்கு வாங்க" என்று சொல்லி இறங்கிப் போனார். அன்று எல்லாருக்கும் பேர் கிடைத்தது.

சித்திரையில் மாமா தாமாகவே தாம்பாளத்தோடு வந்தார். "எல்லாம் ஒழுங்கா எரிஞ்சிச்சி. வாக்குன்னா வாக்கு" என்றார். திருமணத்தன்று லெட்சுமி ஒரு தகரப் பெட்டியும் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூட்டையுமாக என் லயக்காம்பராவுக்கு வந்தாள். மூட்டையைச் சுட்டிக்காட்டி மாமா உறவினரிடம், "இதுல ஒண்ணும் இல்ல" என்று அறிவித்தார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு மாதம் கழித்துக் கண்டாக்கையா தனியாக ஆலைப் பக்கம் வந்தார். அடுப்பைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, என் முகத்தைப் பாராமலே பேசினார்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் பாக்கல."

"சரிங்கய்யா."

"அந்தப் பாக்காத சாமான செஞ்சவன் யாருன்னும் எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க."

"அவன எங்கயாச்சும் கண்டா சொல்லு, மொதல்ல பன்னண்டு பூச்சட்டி வேணுமாம்."

இவ்வாறு தொடங்கியதே நம் பட்டறை. பங்களாப் பூச்சட்டிகள், பிறகு நுவரெலியா விடுதிகளின் வாசல் சாடிகள், கோயில் கோபுரத்துக்குக் காவல் உருவங்கள், அறுபதுகளின் நடுவில் அட்டன் பாதையில் இந்தக் கட்டடம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. உங்கள் வேலையைப் பாராதவர்களும் தட்டிப் பார்த்திருப்பார்கள் என்பதை மட்டும் மறவாதீர்கள். புகழை அன்று விழுங்கினாலும் மண்ணின் ஓசையை எவராலும் விழுங்க முடியாது.

முத்துவேலு இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் என்னைக்கூடப் பாராமல் அலமாரியின் மேல் தட்டை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று நலம் கேட்பவர் அவரே. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இல்லை. இந்த மலை முழுவதிலும் அதைப் பார்க்க உரிமை பெற்றவர் அவர் ஒருவரே.

கடைசியாக, வேலை தொடர்பான ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் லெட்சுமி அக்கா அந்தத் தட்டைத் துடைக்க ஏணியில் ஏறுவாள். தகப்பன் வாக்கைக் காப்பாற்றும் மகள் ஆதலால், இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டுதான் துடைப்பாள். இதுவரை பக்கத்தில் வைத்திருந்த பதினேழு சாடிகள் கீழே விழுந்துள்ளன. அங்கே இல்லாத அந்தப் பொருள் மட்டும் ஒருமுறையும் விழுந்ததில்லை. ஆகவே உங்கள் சாடிகளைத் தயவுசெய்து கீழ்த் தட்டில் வையுங்கள்.